பழைய வண்டிக்குப் புதிய வடிகட்டி

மோட்டார் வண்டியின் எஞ்சினில் ஓடும் எண்ணெயை வடிகட்டுவதற்கென ஒரு சிறிய தகரக் குடுவை பொருத்தப்பட்டிருப்பதை நேயர்கள் பார்த்திருக்கக்கூடும். பெரும்பாலான வண்டிகளில் அது எஞ்சினின் பக்கவாட்டிலேயே திருகப்பட்டிருக்கும். சில பழைய வண்டிகளிலோ அதற்கு இடமே விடப்படவில்லை. வேறு சிலவற்றில், வண்டிக்குரியவர் பழைய எஞ்சினை எடுத்துவிட்டுப் பெரியதொன்றை வைத்ததனால் இருந்த இடமும் பறிபோயிருக்கும். குடுவை ஸ்டியரிங் தண்டிலோ புகைக்குழாயிலோ முட்டும். அத்தகைய வண்டிகளில், வடிகட்டியை எஞ்சினிலிருந்து இரண்டடி மூன்றடி தள்ளி வண்டியின் உடற்கூட்டில் பொருத்தி, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டு குழாய்களால் இணைப்பது வழக்கம். இதனைத் தொலை வடிகட்டி என்று நாம் சொல்லலாம். பட்டறைகளில் ரிமோட் பில்டர் என்பார்கள். பார்வைக்கு எளிய வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்றே தோன்றும். ஆயினும், உடலின் பெரிய இரத்தக் குழாயை வெட்டி, வெளியே ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, மறுபடியும் உள்ளே செலுத்துவதற்கு ஒப்பான காரியம் இது. இதனைச் செய்யத்தான் வேண்டுமா, செய்வதாயின் எங்கெங்கே விழிப்பாக இருக்கவேண்டும் என்பதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

எஞ்சினில் எண்ணெய் செய்கின்ற வேலையை முதலில் நினைவில் கொள்ளவேண்டும். கிராங்க் தண்டும் அதனைத் தாங்கும் பேரிங்குகளும், எஞ்சின் ஓடும்போது, ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே அழுத்தத்தோடு வந்து நிற்கும் எண்ணெய்ப் படலத்தின்மேல் தண்டு மிதந்துகொண்டிருக்கிறது. அவ்விடைவெளி ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமயிரின் பருமன்கூட இராது. சுமை விழுகின்ற பக்கத்தில் படலம் இன்னும் மெலிந்துவிடும். கரித்துகளும், தேய்ந்த உலோகத்தின் பொடியும், காற்றோடு உள்ளே புகுந்த தெருப்புழுதியும் அந்த இடுக்கில் அகப்பட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் பேரிங் தேயும். அதனால்தான் வடிகட்டி வேண்டியிருக்கிறது. ஆனால் புழுதி செய்யும் கேடு மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. எண்ணெயே நின்றுபோனால் நேரும் கேடு நொடிக்கணக்கில் நிகழ்ந்துவிடுகிறது. இவ்விரு கேடுகளையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்த்தே தொலை வடிகட்டியைப் பற்றி முடிவு செய்யவேண்டும். முதற்கேட்டை நீக்கப்போய் இரண்டாவதை வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு.

தொடக்ககால மோட்டார் வண்டிகளில் எண்ணெய் வடிகட்டி என்பதே கிடையாது. ஒரு கம்பிச் சல்லடை இருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் 1923-இல் பியூரோலேட்டர் என்ற வடிகட்டியைக் கொண்டுவந்த பிறகே இது பரவலாயிற்று. அந்நாளைய வடிகட்டிகளுள் பல, ஓடும் எண்ணெயில் ஒரு சிறு பங்கை மட்டும் கிளைக்குழாய் வழியாக வாங்கி வடித்துத் திருப்பி அனுப்புவன. 1940-களின் இறுதியிலிருந்து மும்பையில் மகிந்திரா நிறுவனத்தார் சேர்த்துக்கட்டிய வில்லிஸ் ஜீப்பைப் பார்த்தவர்களுக்கு, எஞ்சினின் மேற்புறத்தில் தனியே நிற்கும் குடுவையும், அதற்கு ஓடும் இரண்டு மெல்லிய குழாய்களும் நினைவுக்கு வரலாம். அது கிளைவோட்ட வடிகட்டி. அந்தக் குடுவை அடைபட்டுப் போனாலும் எஞ்சினுக்கு எண்ணெய் போய்க்கொண்டே இருக்கும். பின்னால் வந்தது முழுவோட்ட வடிகட்டி; பம்பு தள்ளும் எண்ணெய் முழுவதும் அதன் வழியாகச் சென்ற பின்னரே பேரிங்கை அடையும். உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடரில் இருந்தது இவ்வகையே. திருகிக் கழற்றி எறிந்துவிடும் தகரக் குடுவை 1950-களில் வந்தது. நாம் இன்று பேசுகின்ற தொலை வடிகட்டி பெரும்பாலும் முழுவோட்ட வகையைச் சேர்ந்ததே. ஆகவே, அதன் குழாய் ஒன்று அறுந்தால் எஞ்சினுக்குப் போகவேண்டிய எண்ணெய் அனைத்தும் தெருவுக்குப் போய்விடும்.

இந்த வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டாக வோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியை எடுத்துக்கொள்வோம். கூன்முதுகோடு, பின்புறத்தில் எஞ்சினை வைத்துக்கொண்டு ஓடும் இந்த ஜெர்மானிய வண்டியை நேயர்கள் அறிவார்கள். 1938-இல் தொடங்கி, 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவெப்லா நகரத்துத் தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளிவரும் வரையில், 2 கோடியே 15 லட்சத்துக்கு மேற்பட்டவை உருவாயின. 1950-களிலும் 1960-களிலும் நம் நாட்டுக்குச் சிறு தொகையாக வந்து சேர்ந்தவற்றுள் சில மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூர் முதலிய நகரங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் கிடையாது, காற்றாலேயே குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின். அதில் எண்ணெய் வடிகட்டியும் கிடையாது. அடிப்பாகத்தில் ஒரு கம்பிச் சல்லடை மட்டுமே உண்டு. அது உடைந்த திருகாணியைத் தடுக்குமேயன்றிப் பொடியைத் தடுக்காது. இரண்டரை லிட்டர் எண்ணெயை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிச் சல்லடையையும் கழுவிவிட்டால் போதும் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. 1192 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 34 குதிரைத்திறனும் கொண்ட எஞ்சினுக்கு அந்தக் கணக்கு பிழையாகவில்லை என்றே சொல்லவேண்டும். சாதுவாக ஓட்டி, தவறாமல் எண்ணெய் மாற்றிய வண்டிகள் நெடுங்காலம் உழைத்திருக்கின்றன.

அதே வண்டியில் பிற்காலத்து 1600 எஞ்சினின் கூட்டை எடுத்து, அதில் 90.5 மில்லிமீட்டர் பிஸ்டன்களைப் போட்டு, 1776 கன சென்டிமீட்டராகப் பெருக்குவது உலகெங்கும் செய்கின்ற மாற்றம். வேகமும் வெப்பமும் பேரிங்கின்மேல் விழும் சுமையும் அப்போது உயர்ந்துவிடுகின்றன. தக்காணத்துக் கோடையில் காற்றே கொதிக்கும்போது, காற்றால் குளிரும் எஞ்சினில் எண்ணெயின் பொறுப்பு இன்னும் மிகுதி. இத்தகைய எஞ்சினுக்குச் சல்லடை போதாது. வடிகட்டி வைக்க எஞ்சினில் இடமும் இல்லை. ஆகவே தொலை வடிகட்டி இங்கே ஆடம்பரமன்று.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பீட்டிலுக்கு முழுவோட்டத் தொலை வடிகட்டி பொருத்துவதற்கு எஞ்சின் கூட்டில் துளையிட்டு மறை வெட்டவேண்டும். அக்கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. ஒருமுறை துளைத்தால் பழையபடி ஆக்க முடியாது. வண்டியோடு பிறந்த எஞ்சினாக, அடித்திருக்கும் எண் பதிவுப் புத்தகத்தோடு ஒத்ததாக இருக்குமானால், அதன்மேல் துளைக்கருவியை வைக்கவே கூடாது என்பது நம் கருத்து. இது வெறும் பழமைப்பற்று அன்று. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விதிப்படி, 50 ஆண்டு கடந்த, முதலில் இருந்த உருவிலேயே பேணப்பட்ட, பெருமாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிக்கே பழம்பெரும் வண்டி என்ற தனிப்பதிவு கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் எனக் கட்டணமும் வகுத்திருக்கிறார்கள். எஞ்சினை மாற்றிய வண்டி இந்த வரிசையில் சேராது; அதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதலைத் தனியே பெற்றாகவேண்டும். ஆதலால் பெரிய எஞ்சின் வேண்டுமென்பவர் வேறொரு கூட்டை வாங்கி அதைத் துளைத்துக்கொள்ளட்டும். பிறந்த எஞ்சினை எண்ணெய் தடவி, துணி சுற்றி, பரண்மேல் வைத்துவிடலாம். பின்னால் வண்டியைப் பெறப்போகும் மகனோ மகளோ அதற்காக நன்றி பாராட்டுவார்கள்.

துளைக்காமலும் ஒரு வழி உண்டு. எண்ணெய்ப் பம்பின் மூடியிலேயே போகும் வாயும் வரும் வாயும் அமைந்த மாற்று மூடி கிடைக்கிறது. அதைப் பூட்டினால் கூட்டைத் தொடவேண்டியதில்லை. வேண்டாமென்றால் பழைய மூடியையே மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதனுள் எண்ணெய் செல்லும் வழிகள் குறுகலானவை. இயல்பான எஞ்சினுக்கு அது போதும். பெருக்கிய எஞ்சினுக்கு அதைச் சிபாரிசு செய்ய நமக்கு மனம் வரவில்லை.

இனி வேலைக்கு வருவோம். பம்பு, எஞ்சினின் கோடியில், பின் பம்பரை நோக்கிய பக்கத்தில், பெரிய கப்பிச் சக்கரத்துக்கு அடியில் இருக்கிறது. அதன் மூடியை எடுத்துவிட்டு, வெளிவாய் உள்ள மூடியைப் போடுகிறோம். எண்ணெய் அங்கே வெளியேறி வடிகட்டிக்குப் போகிறது. அங்கிருந்து திரும்பி, பம்புக்கு அருகே எஞ்சின் கூட்டில் நாம் வெட்டிய துளை வழியாகப் பெரிய எண்ணெய்க் கால்வாயில் சேர்கிறது. இங்கே பலர் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. பம்பிலிருந்து எண்ணெய் முன்பு எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்த உள்வழியை அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால், எளிய வழி இருக்கும்போது எண்ணெய் எதற்காக இரண்டு குழாயையும் ஒரு காகித மடிப்பையும் சுற்றிக்கொண்டு போகப்போகிறது? வடிகட்டி அழகாக நின்றுகொண்டிருக்கும். வேலை மட்டும் செய்யாது.

துளையிடுதல், எஞ்சினை முற்றிலும் பிரித்து, கூட்டின் இரு பாதிகளும் வெறுமையாக இருக்கும்போதே செய்யத்தக்கது. முழு எஞ்சினில், டேப்பில் கிரீசைத் தடவி, சீவல் உள்ளே விழாமல் வெட்டிவிடலாம் என்று சொல்லும் துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள். ஒரேயொரு சீவல் கால்வாய்க்குள் தங்கிவிட்டால், வடிகட்டியைத் தாண்டிய இடத்தில் அது இருப்பதால், நேரே பேரிங்குக்குத்தான் போகும். எஞ்சினைக் காப்பதற்காகத் தொடங்கிய வேலை எஞ்சினைக் கெடுப்பதில் முடியும். மறையையும் அளவுக்கு மீறி ஆழமாக வெட்டலாகாது. இணைப்புத் துண்டின் நுனி உள்ளே நீண்டு, எண்ணெய் வழியையே மறித்துவிடும்.

மறையைப் பற்றிச் சொல்லும்போது நம் நாட்டுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லவேண்டும். இந்தப் பம்பு மூடிகள் பெரும்பாலும் அமெரிக்கக் குழாய்மறை உடையவை: 3/8 அங்குல அளவு, அங்குலத்துக்கு 18 புரி, புரியின் கோணம் 60 பாகை. நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பது பிரிட்டிஷ் குழாய்மறை: அதே 3/8 பெயர், ஆனால் அங்குலத்துக்கு 19 புரி, கோணம் 55 பாகை. தில்லி காஷ்மீரி கேட்டிலோ, கொல்கத்தா மல்லிக் பஜாரிலோ, சென்னைப் புதுப்பேட்டையிலோ, 3/8 நிப்பிள் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது பிரிட்டிஷ் மறையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. முதல் இரண்டு மூன்று புரி இணக்கமாகவே போகும், பிறகு இறுகும். நன்றாக இறுகிவிட்டது என்று நாம் மகிழ்வோம். உண்மையில் புரிகள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கும். மெல்லிய மக்னீசியக் கூட்டில் இப்படி வலிந்து திருகினால் கூடு கீறிவிடுவதும் உண்டு. ஆகவே கடைக்குப் போகும்போது பம்பு மூடியைக் கையோடு கொண்டுபோவதும், புரி அளக்கும் கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதும் நலம். மறைக்கு வெள்ளை டேப் சுற்றும் பழக்கம் தண்ணீர்க் குழாய்க்குச் சரி, இங்கே வேண்டாம். அதன் பிசிறு கழன்று எண்ணெய்க் கால்வாயில் போய் அடையும். குழம்பாக வரும் சீலண்டை, முதற்புரியை விட்டுவிட்டு, மெல்லத் தடவினால் போதும்.

இவ்வாறே வடிகட்டிக் குடுவையிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. குடுவையைத் தாங்கும் தலைப்பகுதிகளில் பலவற்றின் நடுத்தண்டு முக்கால் அங்குலம். அங்குலத்துக்கு 16 புரி. சந்தையில் 20 மில்லிமீட்டர் மறை கொண்ட குடுவைகளும் நிறையக் கிடைக்கின்றன. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். எனவே 20 மில்லிமீட்டர்க் குடுவை அதன்மேல் தொளதொளவென்று ஏறி, ரப்பர் வளையம் பட்டவுடன் இறுகியதுபோல் நிற்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் முதல் அழுத்தம் வரும்போது குடுவை பிய்த்துக்கொண்டு போகும். குடுவையைத் தலைப்பகுதியில் ரப்பர் வளையம் படுவதற்கு முன்பே ஆட்டிப் பார்க்கவேண்டும். ஆடினால் அது நம்முடையதன்று.

அழுத்தம் என்றோம். பீட்டிலில் மிகை அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு எஞ்சின் கூட்டில் இருக்கிறது. வடிகட்டியும் குழாய்களும் அதற்கு முன்னதாகவே வந்துவிடுகின்றன. மும்பையிலோ சென்னையிலோ இது பெரிதாகத் தெரியாது. தில்லியில் தை மாதத்து விடியற்காலையில், வெப்பம் 5 பாகைக்கு இறங்கியிருக்கும்போது, 20டபிள்யூ50 எண்ணெய் பாகுபோல் கெட்டித்திருக்கும். அந்நேரத்தில் எஞ்சினைக் கிளப்பியவுடன் ஆக்சிலேட்டரை மிதித்தால், குடுவை உப்பி ரப்பர் வளையம் பிதுங்கிவிடும். வடநாட்டில் வாழ்வோர், தணிப்பு வால்வு மூடியிலேயே அமைந்த பம்பு மூடியை வாங்குவதே நல்லது. அதுவரையில், காலையில் ஒரு நிமிடமாவது எஞ்சினை மெதுவாக ஓடவிட வேண்டும்.

வடிகட்டியின் தலைப்பகுதியில் உள்ளே, வெளியே என்ற குறிகள் இருக்கும். எண்ணெய் குடுவையின் வட்டமாக அமைந்த சிறு துளைகள் வழியாகப் புகுந்து, காகித மடிப்பைக் கடந்து, நடுத்துளை வழியாக வெளியேற வேண்டும். குடுவையில் எண்ணெய் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுக்க ஒரு ரப்பர் மடல் இருக்கிறது. குழாய்களை மாற்றி மாட்டிவிட்டால் அந்த மடல் வாயை மூடிக்கொள்ளும். எஞ்சினுக்கு எண்ணெய் போகாது. நாம் அறிந்த ஒரு பட்டறையில் இப்படி நிகழ இருந்தது. எஞ்சினைக் கிளப்பாமல் முதலில் சுற்றவிட்டுப் பார்த்த வயதான மிஸ்திரி ஒருவர், எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்பதைக் கண்டு, மற்றவர்கள் அவசரப்படுத்தியும் கேளாமல், குழாயைக் கழற்றச் சொன்னார். அந்த எஞ்சின் பிழைத்தது.

குடுவையை எங்கே பொருத்துவது என்பதில் அவரவர் வசதி ஒருபுறமிருக்க, சில இடங்களைத் தவிர்த்தே ஆகவேண்டும். பீட்டிலின் புகைக்குடுவை எஞ்சினுக்குப் பின்னே குறுக்காகப் படுத்திருக்கிறது. அதன் பக்கத்தில் கூடாது. பின்சக்கரம் கல்லை வாரி எறியும் நேர்ப்பாதையில் கூடாது. தரையோடு தரையாகத் தாழ்வாகவும் கூடாது. நம் ஊர் வேகத்தடைகளைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. மட்காட்டின் உட்புறத்தில், உயரமாக, உடற்கூட்டின் தடித்த தகட்டில், பின்னால் ஒரு பட்டை கொடுத்துப் பிணைக்கலாம். எண்ணெய் நிறைந்த குடுவை நாள் முழுதும் குலுங்குவதால் மெல்லிய தகடு நாளடைவில் வெடிக்கும். குடுவையின் வாய் மேல்நோக்கியும் அடி கீழ்நோக்கியும் இருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் எண்ணெய் அதனுள்ளேயே தங்கும். மாற்றும்போதும் சட்டையில் கொட்டாது.

குழாய்களே இந்த வேலையின் உயிர்நிலை. உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பெட்ரோலுக்கோ சூட்டுநீருக்கோ உரிய ரப்பர்க் குழாயை மாட்டி, திருகுப் பட்டையால் இறுக்குவதைப் பார்க்கிறோம். சூடான எண்ணெய் பட்டு அந்த ரப்பர் ஊறி மெத்தென்றாகும், பட்டை தளரும், ஒருநாள் கழன்றுகொள்ளும். எண்ணெயையும் வெப்பத்தையும் தாங்கவல்ல, கம்பிவலை உள்ளே பின்னிய ஹைட்ராலிக் குழாயை அளவு கொடுத்து வெட்டி, இரு முனைகளிலும் இரும்பு முனைகளை எந்திரத்தால் கிரிம்ப் செய்து தரும் கடைகள் எல்லாத் தொழிற்பேட்டைகளிலும் இருக்கின்றன. மண்வாரும் எந்திரங்களுக்குச் செய்வதையே நமக்கும் செய்து தருவார்கள். சிவப்பும் நீலமுமாகப் பளபளக்கும் அலுமினிய முனைகளை வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் உண்டு. நல்ல தயாரிப்பாயின் அவையும் உழைக்கும். ஆனால் கண்காட்சியில் மூடியைத் திறந்து காட்டுவதற்கே அவை பெரிதும் பயன்படுகின்றன என்பது நம் எண்ணம். கறுப்புக் குழாயை யாரும் படம் பிடிப்பதில்லை. அது சும்மா இருந்து வேலை செய்யும்.

எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் ஆடும். வண்டியின் உடல் அதனோடு சேர்ந்து ஆடாது. ஆகவே குழாயில் சிறிது தளர்வு விட்டிருக்கவேண்டும். ஆனால் அந்தத் தளர்ந்த பகுதி எந்தத் தகட்டு விளிம்பையும் தொடக்கூடாது. மும்பைக்கும் புனேவுக்கும் இடையே ஓடிய ஒரு வண்டியில், எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்தின் ஓரம், வருகின்ற குழாயை மாதக்கணக்கில் அராவிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. கண்டாலா மலையேற்றத்தில் குழாய் பொத்துக்கொண்டது. எச்சரிக்கை விளக்கு எரிந்தபோது, விளக்கில்தான் கோளாறு என்று எண்ணி, அடுத்த வளைவு வரையில் ஓட்டிச் சென்றார் அதற்குரியவர். அந்த வளைவு வருவதற்குள் எண்ணெய் முழுவதும் வெளியேறிவிட்டது. கிராங்க் தண்டு, பேரிங்குகள், ஒரு கனெக்டிங் ராடு அனைத்தும் போயின. அன்றைக்குப் புகைக்குழாயில் தெறித்த எண்ணெய் தீப்பற்றாமல் இருந்தது தெய்வாதீனம். மக்னீசியக் கூடு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சீறி எரியும். தீயணைக்கும் உலர்பொடிக் குடுவை ஒன்று வண்டியில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும்; எண்ணெய்த்தீ மக்னீசியத்துக்குப் பரவுவதற்கு முன்பாக அணைப்பதே அதன் பயன். மக்னீசியமே பற்றிக்கொண்டுவிட்டால் விலகி நிற்பதுதான் அறிவு.

குழாய் எந்தத் தகட்டைக் கடந்தாலும், துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் போடவேண்டும். எங்கே தொடக்கூடும் என்று ஐயம் எழுகிறதோ அங்கே பழைய குழாய்த் துண்டு ஒன்றைப் பிளந்து மேலே உறையாகச் சுற்றவேண்டும். எட்டு அங்குலத்துக்கு ஒருமுறை கவ்வியால் பிடித்துவைக்க வேண்டும். எச்சரிக்கை விளக்கோடு ஓர் அழுத்தமானியும் வைத்துக்கொள்வது இந்த வண்டிகளுக்கு அவசியம் என்றே கருதுகிறோம். விளக்கு எரிவது அழுத்தம் ஏறத்தாழ முற்றும் போனபிறகு. மானியின் முள்ளோ இறங்கும்போதே சொல்லிவிடும். எண்ணெய் சூடேறிய நிலையில், 2500 சுழற்சியில், சதுர அங்குலத்துக்கு 42 பவுண்டு அளவில் முள் நிற்பது நன்று. 28-க்குக் கீழே இறங்கினால் எஞ்சினைப் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

முதல் முறை கிளப்பும்போது பொறுமை வேண்டும். குடுவையில் எண்ணெயை நிரப்பியே திருகவேண்டும். குழாய்களிலும் இயன்றவரை ஊற்றவேண்டும். பம்பின் பற்சக்கரங்களுக்கிடையே சிறிது வாசலைன் அப்பிவைத்தால் அது எண்ணெயை உடனே இழுக்கும். பிறகு, காயிலிலிருந்து வரும் நடுக்கம்பியைக் கழற்றி உடலோடு சேர்த்துவைத்து, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி, ஸ்டார்ட்டரால் பத்துப் பத்து நொடியாகச் சுற்றவிட வேண்டும். விளக்கு அணைந்து, மானியின் முள் எழும் வரையில் கம்பியை மாட்டக்கூடாது. கிளம்பிய பிறகு ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரியும். எஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் கழித்து எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைந்திருக்கும். வடிகட்டியும் குழாய்களும் தம் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். மொத்தம் ஏறத்தாழ மூன்று லிட்டர் பிடிக்கும். குடுவையின் பருமனும் குழாயின் நீளமும் வேறுபடுவதால், குச்சி காட்டும் அளவே முடிவானது.

முதல் 500 கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெயையும் குடுவையையும் மாற்றவேண்டும். கழற்றிய குடுவையைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். அதன் தகரத்தைச் சுற்றிலும் வெட்டித் திறந்து, உள்ளேயுள்ள காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பாருங்கள். ரம்பத்தால் அறுத்தால் அதன் பொடியே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும். குழாய் வெட்டும் சக்கரக் கத்தி நல்லது. கறுத்த மணல் போன்றது கரி; கவலையில்லை. காந்தத்தில் ஒட்டும் பொடி காம் தண்டிலிருந்தோ டாப்பெட்டுகளிலிருந்தோ வந்த எஃகு. புது எஞ்சினில் சிறிதளவு வருவது இயல்பு; அடுத்த முறையும் அதே அளவில் வந்தால் ஆராயவேண்டும். காந்தத்தில் ஒட்டாமல் வெள்ளிபோல் மின்னும் செதில்கள் பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம். அவற்றைக் கண்டால் எண்ணெய் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், வண்டியை ஓட்டுவதையே நிறுத்திவிட்டு மிஸ்திரியை அழைக்கவேண்டும்.